முடிச்சோடு வந்த திரைச்சீலை

மார்ச் 9

போதுமான காலம் வாய் மூடி இருந்துவிட்டேன். மாதத்துக்கு ஒருமுறை நீ எழுதும் நாலு வரிகளுக்கு, அதாவது தண்ணீர்த் தொட்டி கழுவியாயிற்று, முன்கதவு இறுக்கமாகிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பவற்றுக்கு, நான் பதில் போடாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. அது சம்மதம் இல்லை. அது கோபம். இரண்டையும் பிரித்துப் பார்க்க இத்தனை வருடக் குடித்தனத்தில் நீ பழகியிருக்க வேண்டும்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பேச்சின் நடுவில் நீ சிரித்துவிடுவாய். நீ சிரித்த பிறகு எந்த வாதத்தையும் நான் முடித்ததில்லை. காகிதத்தில் நீ குறுக்கே வர முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி கூப்பிட்டான். நலம் விசாரிப்பதுபோல் ஆரம்பித்து, என் வேலை அறையைத் துணிக்கு முடிச்சுப் போடும் பெண்களுக்கு நீ விடப்போவதை ஏதோ வானிலைச் செய்தி மாதிரிச் சொன்னான். என் மேசையை நகர்த்தியும் பார்த்தானாம். "அத்தான், அந்த டேபிள் அசையவே மாட்டேங்குது. உள்ள என்ன, கோபத்தைப் போட்டுப் பூட்டி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். மைத்துனன் என்ற உரிமையில் ஒருவன் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு உங்கள் வீட்டில் எல்லைக்கல்லே கிடையாது.

வடக்குப் பார்த்த அந்த ஒரு ஜன்னலுக்காக வீட்டையே சற்றுத் திருப்பிக் கட்டினேன். நேர் வெயில் உள்ளே வராது. காலையிலிருந்து மாலை வரை ஆறிய பால் போல ஒரே வெளிச்சம். கட்டடம் வரைகிறவனுக்கு அந்த வெளிச்சம்தான் கண். அதை நீ யாருக்கோ தூக்கிக் கொடுக்கிறாய்.

நான் எதற்காக இந்த ஊருக்கு வேலைக்கு வந்தேன் என்பதே உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. அந்த வீட்டின் கூடத்துச் சுவரைக் கொத்தனார் பூசி முடித்த பிறகும் சுரண்டச் சொல்லி, மறுபடி பூசச் சொல்லி, அவர் என்னை மனதுக்குள் திட்டுவது காதில் விழும் வரை கூடவே நின்றவன் நான். வெறும் சுவர், வெறும் தரை, உயரமான ஜன்னல்கள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வருவதாக இருந்த வாரம் நான் வெளியூர்க் கட்டட வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால் ஜன்னல் எல்லாம் அடுத்த தெருச் சாயப் பட்டறையின் நீலத் துணி. கல் இருக்கைமேல் செம்பு நிறத்தில் மெத்தை உறை. விளக்குக்குக்கூட முடிச்சுச் சாயத் துணியில் ஒரு சட்டை. படமும் எடுத்துப் போயிருந்தார்கள்.

அந்தக் கட்டுரை வந்த நாளில் நான் படித்த வரி இது: "சுவர்கள் அடக்கமாகப் பின்வாங்கி, திரைச்சீலைகளுக்கு வழி விடுகின்றன." என் சுவர்கள் பின்வாங்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. என் பெயர் படத்தின் ஓரத்தில் எறும்பு அளவில் இருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் கைகொடுத்து, திரைச்சீலை பிரமாதம் என்றார்கள்.

நான் பெட்டியோடு கிளம்பியபோது நீ வாசலில் நின்று "போயிட்டு வாங்க" என்றாய். கடைக்குப் போகிறவனிடம் சொல்கிற குரல். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் குரலை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

மேசை இருந்த இடத்தில் இருக்க வேண்டும். அறை பூட்டியே இருக்க வேண்டும். பதில் எழுது.

அந்த வீட்டின் சுவர்களைக் கட்டியவன்


மார்ச் 20

என்னங்க,

உங்கள் கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு இடத்தில் சிரித்தேன். நீங்கள் பார்க்கவில்லை, அதனால் அது கணக்கில் சேராது.

முதலில் மேசை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. என் தம்பிக்கு உங்கள் வாயைக் கிண்டாமல் ஞாயிற்றுக்கிழமை கழியாது என்பது உங்களுக்குத் தெரியாததா? அறையையும் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. உங்களைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். ஆனால் கேட்கப் போகிறேன். இதோ கேட்கிறேன்.

சாயக்காரம்மாவின் கொட்டகையில் ஒரு பக்கம் சாயத் தொட்டி, மறுபக்கம் அடுப்பு. வெயில் காலத்தில் முடிச்சுப் போடும் பெண்கள் எப்படியோ ஓட்டிவிடுகிறார்கள். மழை வந்தால் அங்கே காற்றே ஈரமாகிவிடும். துணியைக் கிள்ளிச் சுற்றிய நூல் நமத்துப்போய் முடிச்சு தளரும். தளர்ந்த முடிச்சுக்குள் சாயம் புகுந்தால் புள்ளி வெள்ளையாக வராது, அழுதவள் கண் மாதிரி வரும். போன மழையில் ஒரு வீட்டுக்கான படுக்கை விரிப்பு முழுவதும் அப்படிப் போயிற்று. உலர்ந்த அறையும் கண் கூசாத வெளிச்சமும் அவர்களுக்கு வேண்டும். அப்படி ஓர் அறை இந்தத் தெருக்களிலேயே ஒன்றுதான் இருக்கிறது. அது உங்கள் கெட்டிக்காரத்தனம்.

நீங்கள் திரும்பி வருவதாக இருந்தால் அறை உங்களுடையது. ஒரு நூல்கூட உள்ளே வராது. வருவதாக இல்லை என்றால், அது பூட்டிக் கிடப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்குத் தெரியவில்லை. மழைக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

திரைச்சீலை மாட்டியது பத்திரிகைக்காக இல்லை. அவர்கள் வரும் தேதியே எனக்கு ஞாபகம் இல்லை. நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் அந்தக் கூடத்தில் ஒரு கரண்டி விழுந்தால் அது திரும்பத் திரும்ப விழும். "யாரு?" என்று நான் கேட்டால் சுவரும் "யாரு?" என்று கேட்கும். ஒரு நாள் சாயப் பட்டறை வழியாக வந்தபோது கொடியில் ஈரத் துணிகள் தொங்கின. ஆள் உயரத்துக்கு, நீலமாக, வரிசையாக. அதன் நடுவே நடந்தேன். தெருவின் இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருந்தது. அன்றே வாங்கி வந்து மாட்டினேன். அதற்குப் பிறகு அந்தக் கூடம் நான் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறது. திருப்பிச் சொல்வதில்லை.

உங்கள் வாடகை வீட்டு ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டியிருப்பதாகத் தம்பி சொன்னான். போன முறை வந்தபோது சத்தமில்லாமல் அளவு எடுத்து வந்திருக்கிறான். அந்த ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலை அனுப்புகிறேன். அது முடிச்சோடுதான் வரும், பயப்பட வேண்டாம். வீட்டுக்கென்று செய்யும் துணியைச் சாயக்காரம்மா அவிழ்த்துக் கொடுப்பதில்லை. "எந்த ஜன்னல்ல தொங்கப் போகுதோ, அந்த வெளிச்சத்துலதான் அது கண்ணைத் தொறக்கணும்" என்பார். வாங்குகிறவர்கள் வீட்டில் எல்லோரும் கூடி அவிழ்ப்பார்கள். உள்ளே சீட்டு வைத்திருக்கிறேன், எப்படி அவிழ்ப்பது என்று.

மகளிடம் நம் விஷயத்தைச் சொன்னேன். "உங்க ரெண்டு பேரு ஆட்டத்துக்கு என்னை அம்பயரா ஆக்காதீங்க" என்று விடுதியிலிருந்து தகவல்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டில் இருப்பவள்


ஏப்ரல் 2

பொட்டலம் வந்தது. கூரியர்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே பூசணிக்காயா சார் என்று கேட்டார். வாங்கி மூலையில் வைத்தேன். இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்க அவசரம் எதுவும் இல்லை.

நான் இருக்கும் இடத்துக்குத் திரைச்சீலை தேவையும் இல்லை. ஓர் அறை, ஒரு சமையல் மூலை. கிழக்கே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எல்லா வீட்டுக்காரர்களும் நடந்துபோகும் திறந்த நடைபாதை. காலையில் அலுவலகம் போகிறவர்களின் செருப்புச் சத்தம் வரிசையாகக் கடக்கும். யார் முகமும் எனக்குத் தெரியாது. என் முகம் அவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் செய்தித்தாள். அது தன் வேலையைச் செய்கிறது. அதன்மேல் பழைய விளையாட்டுச் செய்திகளைத் தலைகீழாகப் படிக்கப் பழகியிருக்கிறேன்.

மழைக்கு முன்னால் வார்த்தை சொல்ல வேண்டுமாம். நான் வருவேனா மாட்டேனா என்பதை வானம் வந்து கேட்க வேண்டியதில்லை. கெடு வைத்து வரவழைக்க நான் ஒப்பந்தக்காரன் அல்ல.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கூடத்தில் குரல் திரும்பி வருவது தொந்தரவாக இருந்தது என்றால், அதை என்னிடம் சொல்ல உனக்கு எது தடையாக இருந்தது? கட்டியவன் பக்கத்திலேயே இருந்தேன். சொல்லாமல் துணியை வாங்கி மாட்டி, ஊரைக் கூட்டிப் படம் எடுக்க வைத்து, இப்போது கரண்டி விழுந்தது என்கிறாய்.

அறை பூட்டியிருக்கட்டும்.


ஏப்ரல் 15

என்னங்க,

சொன்னேன். குடிபோன முதல் மாதமே சொன்னேன். நீங்கள் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமல் "பழகிடும்" என்றீர்கள். நான் பழகிக்கொண்டிருந்தேன். நடுவில் துணி கிடைத்தது.

போகட்டும். ஒரு வேடிக்கை சொல்கிறேன். நம் தெரு முனையில் இருக்கும் பல் மருத்துவர் தன் காத்திருப்பு அறைக்கு எங்களிடம் துணி கேட்டார். வருகிறவர்கள் எல்லோரும் பயந்து பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள், கொஞ்சம் மனசு லேசாகும்படி ஏதாவது செய்யுங்கள் என்றார். சாயக்காரம்மாவும், இப்போதெல்லாம் அவருக்குத் துணையாக இருக்கும் நானும் போய்ப் பார்த்தோம். பச்சை பெயிண்ட், குழல் விளக்கு, கண்ணாடி அலமாரியில் சிரிக்கிற பல் செட். பயப்படாமல் என்ன செய்வார்கள்? கூழாங்கல்லை வைத்துப் பெரிய பெரிய வட்டமாக முடிந்து, அந்தி நேரத்து நீலத்தில் ஜன்னலுக்கும் ஒரு சுவருக்கும் துணி செய்தோம். பெஞ்சுக்கு அதே நீலத்தில், இன்னும் வெளிறிய உறை. குழல் விளக்கை எடுத்துவிட்டு மஞ்சள் பல்பு, அதற்குத் துணி மூடி. தையல்காரர் வழக்கம்போல் எல்லாவற்றிலும் அரை அங்குலம் கூட விட்டார்.

இப்போது மருத்துவருக்குப் புதுத் தலைவலி. "பல்லு வலின்னு வர்றவங்க எல்லாம் தூங்கிடுறாங்கம்மா. எழுப்பினா, வலி போயிடுச்சுன்னு எழுந்து போயிடுறாங்க" என்கிறார். போன செவ்வாய்க்கிழமை நான் போனபோது மருத்துவரே அங்கே தூங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் வாயில் விரல் வைத்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

நம் கூடமும் மத்தியானத்தில் அப்படித்தான் ஆகிவிடுகிறது. வெயில் திரைச்சீலை வழியாக வரும்போது தரை முழுவதும் நீலம் கசிந்து, அதில் வெள்ளைப் புள்ளிகள் மிதக்கும். காற்றடித்தால் தரையே லேசாக நகரும். அதில் காலை வைக்கவே ஒரு கணம் தயக்கமாக இருக்கும். நீங்கள் அதைப் பார்த்ததே இல்லை. ஊரிலிருந்து வந்த அன்றே அல்லவா கோபித்துக்கொண்டீர்கள்.

இடது கைச் சுண்டுவிரல் நகத்தை வளர்த்திருக்கிறேன். துணியை நுனியில் கிள்ளித் தூக்க அது வேண்டும் என்கிறார்கள். எதிரே இருந்தால் முகம் சுளித்திருப்பீர்கள்.

பொட்டலத்தைப் பிரித்தீர்களா? பிரித்ததும் ஒரு வரி எழுதுங்கள். அந்தத் துணியில் எனக்குக் கொஞ்சம் அக்கறை உண்டு.

மேற்கே மேகம் தெரிகிறது. மழை அல்ல, சும்மா.

உங்கள் வீட்டில் இருப்பவள்


ஏப்ரல் 27

பொட்டலத்தைப் பிரித்தேன். நடந்ததைச் சொல்லிவிடுவதுதான் முறை. ஆனால் இதில் பிழை முழுவதும் என்னுடையது அல்ல என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன்.

தலையணை அளவில் ஒரு மூட்டை. ஏறக்குறையக் கறுப்பு என்று சொல்லத்தக்க நீலம். உடம்பெல்லாம் பலாப்பழத் தோல் போல முள் முள்ளாக, ஒவ்வொரு முள்ளின் கழுத்திலும் நூல் சுற்றி இறுக்கியிருந்தது. அவிழ்க்க நுனி தேடினேன், கிடைக்கவில்லை. மாதிரிக் கட்டடம் செய்ய நான் பயன்படுத்தும் மெல்லிய கத்தி மேசையில் இருந்தது. நூலை அதன் கழுத்திலேயே வெட்டினால் வேலை சுலபம் என்று கணக்குப் போட்டேன். ஒவ்வொன்றாக வெட்டினேன். என் கை நிதானமானது, உனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. வெட்ட வெட்டத் தரையில் மிளகு மாதிரி ஏதோ உதிர்ந்தது. நூல் துணுக்கு என்று நினைத்தேன்.

பாதி முடிந்ததும் விரித்துப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஓட்டை. உதிர்ந்தது நூல் அல்ல, துணி.

உன் சீட்டு மூட்டைக்கு அடியில் இருந்தது. இரண்டு பேர் இரண்டு ஓரத்தைப் பிடித்து இழுங்கள், ஒருவர்தான் என்றால் ஓர் ஓரத்தைக் கதவுப் பிடியில் கட்டிக்கொள்ளுங்கள், நூல் தானாகத் தெறித்துவிடும், கத்தி வேண்டாம். கடைசி இரண்டு வார்த்தைக்குக் கீழே கோடு. கோடு போடத் தெரிந்தவளுக்குச் சீட்டை மேலே வைக்கத் தெரியவில்லை. எந்தப் பொருளுக்கும் செய்முறைக் குறிப்பு மேலேதான் இருக்கும்.

மிச்சப் பாதியைக் கதவுப் பிடியில் கட்டி இழுத்தேன். கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று தெறித்தது. அந்தப் பாதி ஒழுங்காக வந்தது. பார்க்கப் பிடிக்காமல் முழுவதையும் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

இதற்காக யாரும் மனம் கசக்க வேண்டியதில்லை. சாயக்காரம்மாவிடம் சொல்லி இன்னொன்று செய்யச் சொல். துணிதானே.


மே 8

துணிதான்.

அதை முடிந்தது நான். மழை ஓய்ந்த நாளிலிருந்து உங்களுக்கு அனுப்பிய நாள்வரை தினமும் மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து, நகத்தால் கிள்ளி, ஒவ்வொரு முடிச்சாக நானே போட்டது. சாயத்தில் இறக்கும் முன் சாயக்காரம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்காரருக்கா? அதான் இவ்வளவு இறுக்கமா முடிஞ்சிருக்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அதில் என்ன இருக்கிறது என்றுகூட நீங்கள் பார்க்கவில்லை. சுருட்டி வைத்துவிட்டீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும்.

உங்கள் அறையை வருகிற முதல் தேதி கொடுத்துவிடுகிறேன். உங்கள் பதில் எனக்குக் கிடைத்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். வரைபடங்களைக் கட்டிப் பத்திரமாக வைப்பேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னால் போதும்.


மே 20

உன் கடிதம் சின்னது. அதைப் படிக்க எனக்கு அதிக நேரம் பிடித்தது.

அதைப் படித்த அன்றே துணியை வெளியே எடுத்தேன் என்று சொன்னால் அது பொய். சில நாள் எடுக்கவில்லை. முடிச்சுப் போட்டது நீ என்பதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கத்தியை எடுத்திருப்பேனா என்று உன்மேல் ஒரு புதுக் குற்றப்பத்திரிகை தயாரித்துக்கொண்டிருந்தேன். அது நன்றாக வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு விடுமுறை நாளில் செய்தித்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் துணியை ஜன்னலில் மாட்டினேன். பின்னால் நகர்ந்து சுவரோடு சாய்ந்து நின்று பார்த்தேன்.

நம் வீடு.

என் வரைபடத்தை நீ எங்கே எடுத்தாய், எப்படி இவ்வளவு பெரிதாக்கினாய் என்று தெரியவில்லை. சுவர்களை இரட்டை வரிசைப் புள்ளியாகப் போட்டிருக்கிறாய். அளவு சரியாக இருக்கிறது. சமையலறை மூலையில் நான் சாய்வாக வளைத்த சுவர்கூட அப்படியே. கதவுகள் இருக்கும் இடங்களில் புள்ளி வைக்காமல் விட்டிருக்கிறாய். எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. நான் வரைபடத்தில் ஆட்களைப் போடுவதில்லை. நீ போட்டிருக்கிறாய். என் அறையில், மேசை இருக்கும் இடத்தில், எந்தச் சுவரையும் சேராத ஒற்றைப் புள்ளி. கூடத்தில், கல் இருக்கைப் பக்கம், இன்னொன்று.

நான் வெட்டியது கூடமும் சமையலறையும் முன்வாசலும் இருக்கும் பாதி. என் அறை இருக்கும் பாதி தப்பித்துவிட்டது. அதில் புள்ளிகள் வெள்ளையாக, ஒழுங்காக இருக்கின்றன. கத்தி யார் பக்கம் இருந்தது என்பது எனக்கே தெளிவாகத் தெரிகிறது. நீ எடுத்துச் சொல்ல வேண்டாம்.

மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்ல வருமா தெரியவில்லை. இதற்கெல்லாம் எனக்குப் பழக்கமில்லை.

கண் விழித்தபோது வெயில் நேராக ஜன்னலுக்கு வந்திருந்தது. அறை நீலமாக, அரை இருட்டாக இருந்தது. எதிர்ச் சுவரில் நம் வீடு வெளிச்சத்தால் வரைந்ததுபோல் விழுந்திருந்தது. ஓட்டைகள் எல்லாம் நாணயம் அளவுக்குப் பெரிதாகி, ஓரம் மங்கி, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நின்றன. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறியிருந்தது. ஆனாலும் கூடம் கூடம்தான். நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏற ஏற வீடு சுவரிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது. அலமாரிமேல் மடிந்து, நாற்காலிமேல் நெளிந்து, தரைக்கு வந்தது. எவ்வளவு கனமான வீடு. எத்தனை லோடு கல். அது ஒரு சத்தமும் இல்லாமல் என்னைப் பார்த்து நகர்ந்து வந்தது.

அப்போது நடைபாதையில் யாரோ போனார்கள். முன்வாசல் புள்ளிகள் அணைந்து மறுபடி எரிந்தன. அடுத்து கூடத்தின் சுவர் அணைந்து எரிந்தது, பிறகு சமையலறை. யாரோ நம் வீட்டுக்குள் நுழைந்து, நிதானமாக நடந்து, உள்ளே போவதுபோல் இருந்தது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "யாரு?" என்று கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன். இந்த வெற்று அறையும் குரலைத் திருப்பித் தரும். நீ அங்கே தனியாக எதைக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்பது அப்போது எனக்குக் கேட்டது.

அதன் பிறகு தினமும் பார்க்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடினால் வீடு முழுவதும் ஒரே நேரத்தில் சிமிட்டும். எதிர்வீட்டு வாத்தியார் காலை இழுத்து நடப்பார், ஒவ்வொரு சுவராகத் தொட்டுத் தொட்டுப் போவதுபோல் இருக்கும். மூன்றாவது வீட்டு அம்மா ஈரத் துணி வாளியோடு கடந்தால் கூடத்தில் ஒரு பெரிய நிழல் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, நகரும். இத்தனை நாள் செருப்புச் சத்தமாக மட்டும் இருந்தவர்கள். நேற்று அந்த அம்மா கதவைத் தட்டி, இந்தத் துணி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். வெளியிலிருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி இருக்கிறதாம். "ஓட்டை போட்டது யாருங்க, ரொம்ப நுணுக்கமா இருக்கே?" என்றார். முடிச்சுப் போட்டது என் மனைவி என்று சொன்னேன். அவர் கேட்டது அது இல்லை. இருந்தாலும் அதைத்தான் சொன்னேன்.

இப்போது அறை விஷயம்.

சுவரில் விழும் வீட்டில் என் அறை இல்லை. அந்தப் பாதியில் ஓட்டை இல்லாததால் சுவர்வரை எட்டும் அளவு வெளிச்சம் வராது. அது துணியிலேயே தங்கிவிடுகிறது, வடக்கு ஜன்னலும் மேசையும் அந்த ஒற்றைப் புள்ளியும். முதல் இரண்டு நாள் அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வீடு ஒரு பக்கம் இடிந்ததுபோல் தெரிந்தது. பிறகு பார்க்கப் பார்க்க, அதில் ஒன்றும் குறையில்லை. வாசல் இருக்கிறது, கூடம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கல் இருக்கைப் பக்கம் நீ இருக்கிறாய். ஒரு வீட்டுக்கு அதற்குமேல் என்ன வேண்டும் என்று யோசித்தேன். கட்டடம் படித்தவன் யோசிக்க வேண்டிய முறை இது அல்ல. இருந்தும் யோசித்தேன்.

ஆகவே அறையைக் கொடுத்துவிடு. முதல் தேதிவரை காத்திருக்க வேண்டாம். மேசையைத் தூக்க உன் தம்பியைக் கூப்பிடாதே, அவர்கள் அதன்மேலேயே துணியை விரித்துக்கொள்ளட்டும். ஜன்னலை மட்டும் திறந்தே வைக்கச் சொல். மூடினால் அந்த அறைக்கு மூச்சு முட்டும்.

வேலையை விட்டுவிட்டேன். இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறேன். அந்த வீட்டில் எனக்கென்று அறை இல்லாமல் வருகிறேன் என்பதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறேன். கூடத்தில் ஓர் ஓரம் போதும். மத்தியானத்தில் தரையில் நீலம் நகரும் என்று எழுதியிருந்தாய். அதை நான் பார்க்க வேண்டும். நன்றாக இல்லை என்றால் இல்லை என்று சொல்வேன். நீ வரவேண்டாம் என்று நினைத்தால் தந்தி மாதிரி ஒரு வரி போடு. வரி வராவிட்டால் வருவேன். இந்த முறை நீ பதில் போடாததைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பத்திரிகைக்காரன் எழுதியதை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பதாகவும் இல்லை. சீட்டை மேலே வைத்திருக்க வேண்டும் என்பதிலும் மாற்றமில்லை.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கிற கடிதம் போலத் தெரிகிறது. நான் அப்படி எதுவும் எழுத உட்காரவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் உன் தம்பி இதை ஆயுசுக்கும் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, விருந்தாளிகள் வரும்போதெல்லாம் எடுத்து நீட்டுவான். அவனுக்கு அந்தச் சந்தோஷத்தைத் தர எனக்கு மனமில்லை. உறை ஒட்டியாயிற்று என்று நினைத்துக்கொள். தெருமுனைத் தபால்பெட்டியை இன்னும் சற்று நேரத்தில் திறப்பார்கள். கையெழுத்துப் போடாமலேயே இதை அதில் சேர்க்கப் போகிறேன்.